கொட்டேஷனாரின் ஒசாகா டெண்டர்

பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவர் கொள்முதல் பிரிவின் தலைவர். நட்டு, போல்ட்டு, கிரீஸ் டப்பா, அட்டைப்பெட்டி, தரை துடைக்கிற மாப்பு என்று எதை வாங்குவதானாலும் மூன்று இடத்தில் விலை கேட்பார். மூன்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதுவார். குறைந்த விலையின் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுப்பார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தொழிற்சாலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. கொட்டேஷனார் எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளிகூட கை நீட்டி அறையைக் காட்டுவார்.

சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தமான மனிதர். பொருள் விற்க வருகிறவர்கள் நீட்டும் டைரியைக்கூடத் தொடமாட்டார். இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரே ஒரு கடையில் விலை கேட்டு நாற்பது மின்விசிறி வாங்கினார். கடை அவருடைய சகலையுடையது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, கையில் சாப்பாட்டுப் பையோடு, இரண்டு காவலாளிகளுக்கு நடுவே அவர் வாசல்வரை நடந்துபோனார். அப்போது குமாஸ்தாவாக இருந்த கொட்டேஷனார் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அன்றிலிருந்து ஒற்றை விலையைக் கண்டாலே அவர் பேனாவை மூடிவிடுவார்.

தொழிற்சாலையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டிலும் அதே சட்டம்தான். துணி துவைக்கும் இயந்திரம் வாங்கப் பதினான்கு மாதம் ஆனது. முடிவெடுத்த வாரத்தில் அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது. மகளுக்குப் பல்லில் கம்பி போட மூன்று டாக்டர்களிடம் விலை கேட்டார். மூன்றாவது டாக்டர் பதில் சொல்வதற்குள் மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், பல் இருந்த இடத்திலேயே இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இவர் எத்தனை இடத்தில் பெண் பார்த்தார் என்று யாராவது அவர் மனைவியைக் கேட்டால், "தெரியல. ஆனா நான்தான் மலிவா இருந்திருப்பேன்" என்பாள்.

அந்த மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஜன்னல் இல்லாத அறையில் இருபத்திரண்டு வருடம். ஒரு நாளைக்கு எண்பது பேரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது வேலையில் சுலபமான பகுதி. வெளியே அந்த எண்பது பேரும் ஒரே சமயத்தில் கதவைத் தள்ளுவார்கள். நம்பர் எழுதின அட்டை கொடுத்துப் பார்த்தாள். அட்டையை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டுப் பார்த்தாள். கோட்டின் மேல் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கை உடைந்தவன், உடையாத கையால் முன்னால் நிற்பவனைத் தள்ளுவதை அவள் தினமும் பார்த்தாள்.

ஒரு நாள், நோயாளிகள் உட்காரும் கூடத்து டிவியில் ஒசாகா நகரத்து ரயில் நிலையம் ஒன்றைக் காட்டினார்கள். ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை, ஏற வேண்டியவர்கள் கதவுக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். எக்ஸ்ரே அறையில் போடும் ஈய அங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் அங்கேயே நின்று பார்த்தாள். சாயங்காலம் வீட்டில் அதை யாரோ செத்துப் பிழைத்த சேதி மாதிரி சொன்னாள். யாரும் அதட்டவில்லையாம், தடியோடு யாரும் நிற்கவில்லையாம், தானாகவே நிற்கிறார்களாம். சாவதற்குள் ஒரு தடவை அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். கொட்டேஷனார் தலையாட்டினார். தலையாட்டுவதற்குச் செலவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதற்கு வேளை வந்தது. மருத்துவமனையில் பழைய எக்ஸ்ரே இயந்திரத்தைக் கழற்றிப் புதியதைப் பொருத்த முடிவு செய்தார்கள். நான்கு மாதம் கழித்து, பன்னிரண்டு நாள் அறையை மூடுவார்கள், அந்தப் பன்னிரண்டு நாளும் அவளுக்கு விடுப்பு. இன்னொரு முறை இப்படி வாய்க்க வேண்டுமென்றால் இந்தப் புது இயந்திரம் சாக வேண்டும். அதற்குள் அவள் ஓய்வு பெற்றிருப்பாள். பணமும் இருந்தது. அவள் சம்பளத்தில் மாதாமாதம் வங்கியில் கட்டிவந்த வைப்பு அப்போதுதான் முதிர்ந்திருந்தது.

விடுப்புக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, தேதிகளைச் சொல்லி, ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடணும் என்றாள். அன்றைக்கு ஒருவருக்கு நாற்பத்திரண்டாயிரம்தான், மகள் போனில் பார்த்துச் சொன்னாள்.

"போடலாம்" என்றார் கொட்டேஷனார்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தொழிற்சாலைக்கு அட்டைப்பெட்டி விற்கிறவர்களைக் கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் ஒன்பது பக்கத்தில் ஒரு விலைக்கோரல் தயாரானது. தலைப்பு: 'ஒசாகா நகரப் பயணம் - வழங்கல், ஏற்றுதல், இறக்குதல் உட்பட'. பிற்சேர்க்கையாக ஒரு பட்ஜெட் தாள். அதில் நூற்றுப் பதினேழு வரிகள்.

அந்தத் தாளைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். குடை வரி ஒன்று: இங்கிருந்து கொண்டுபோனால் எடை, அங்கே வாங்கினால் யென், நனைந்தால் ஜலதோஷ மாத்திரை, மூன்றையும் ஒப்பிட்டு, நனைவதே சிக்கனம் என்று முடிவு. செருப்பு வரி ஒன்று: ஒரு கிலோமீட்டர் நடந்தால் அடித்தோல் எவ்வளவு தேயும், அதன் விலை என்ன என்று கணக்குப் போட்டு, இரண்டே கால் கிலோமீட்டர் வரை ரயிலைவிடச் செருப்பு மலிவு என்று கண்டுபிடித்திருந்தார். அதன்படி ஒசாகாவில் பார்க்க வேண்டிய இடங்களை, பார்க்கத் தக்கவை, தகாதவை என்று பிரிக்காமல், இரண்டே காலுக்கு உள்ளே, வெளியே என்று பிரித்தார். புகழ்பெற்ற ஒசாகாக் கோட்டை வெளியே போய்விட்டது. ஒரு கார் நிறுத்துமிடம் உள்ளே வந்தது.

நாடு முழுக்க ஓடும் ரயில்களுக்கு ஏழு நாள் பாஸ் ஒன்று உண்டு என்று படித்ததும், அதை வாங்கினால் ஒரு கிலோமீட்டருக்கு என்ன அடக்கம் என்று பார்த்தார். ஒரு நாளைக்கு அறுநூறு கிலோமீட்டர் ரயிலிலேயே உட்கார்ந்திருந்தால் கொள்ளை லாபம். ஊருக்குள் சுற்றுவதற்கு அது எதற்கு, ஒரு அட்டையில் பணம் போட்டுத் தட்டித் தட்டிப் போகலாமே என்றாள் மகள். லாபத்தை எப்படி விடுவது என்று அவருக்கு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை.

தங்குமிடத்துக்கு முதலில் அவர் தேர்ந்தெடுத்தது, ஆள் படுக்கிற அளவுக்கு மட்டும் அடுக்கடுக்காகப் பெட்டி வைத்திருக்கும் இடம். ஆண்களுக்கு ஒரு தளம், பெண்களுக்கு வேறு தளம். தூங்கும்போது இரண்டு பேரும் பேசப்போவதில்லையே, எதற்கு ஒரே அறைக்குக் காசு என்பது அவர் கேள்வி. எக்ஸ்ரே எடுக்க அதைவிடப் பெரிய இடத்தில்தான் ஆளைப் படுக்கவைப்பேன் என்றாள் மனைவி. சரி என்று ஒரு சின்ன ஓட்டலைப் பிடித்தார். பிடித்தார் என்றால், அதற்கு மின்னஞ்சல் அனுப்பிப் பன்னிரண்டு சதவீதம் தள்ளுபடி கேட்டார். அங்கிருந்து பதினொரு வரியில் பதில் வந்தது. தங்கள் அன்பான கடிதத்துக்கு நன்றி, தங்கள் விருப்பத்தை நிறைவேற்ற முடியாததற்கு ஆழ்ந்து வருந்துகிறோம், தங்களைச் சங்கடப்படுத்தியதற்கு மன்னிக்க வேண்டும். முடியாது என்பதை இத்தனை அழகாகச் சொல்லி அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்த வியாபாரிகள் முடியாது என்றால் பைலை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். "வருத்தப்படறான்னா இறங்கி வருவான்" என்றார். பத்து சதவீதத்துக்கு இரண்டாவது கடிதம் போனது. இன்னும் ஆழ்ந்த வருத்தம் வந்தது. எட்டுக்குப் போனபோது வருத்தம் பதினாறு வரியானது. ஆறாவது கடிதத்துக்கு, அந்தத் தேதிகளில் அறை எல்லாம் நிரம்பிவிட்டதற்காக அவர்கள் வருந்தினார்கள்.

இதற்கு நடுவில் மைத்துனன் வேறு. மனைவியின் தம்பியான அவன், கம்பெனி செலவில் நாலு நாள் ஜப்பானில் பயிற்சிக்குப் போய்வந்தவன். அந்த நாலு நாளில் அவன் பார்த்தது ஒரு வகுப்பறையும் ஒரு கேன்டீனும். ஆனாலும் அந்த நாட்டை அவனிடம் விட்டால் பதினைந்து நாளில் நிமிர்த்திக்கொடுப்பான். "அத்தான், அங்க தண்ணி வெலை, நடக்க வெலை, நிக்க வெலை" என்று அவன் சொன்னதையெல்லாம் கொட்டேஷனார் குறித்துக்கொண்டார். பட்ஜெட் தாளில் நூற்றுப் பதினெட்டாவது வரி 'நிற்பதற்கு' என்று முளைத்தது.

விலைக்கோரல் மூன்று பயண ஏஜென்சிகளுக்குப் போனது. மூடி முத்திரையிட்ட உறையில், குறித்த நாளில், குறித்த நேரத்துக்குள் விலை தர வேண்டும். முதல் இரண்டு ஏஜென்சிகளில் யாரோ வேலைவெட்டி இல்லாத நல்லவர்கள் இருந்திருக்க வேண்டும், உறை வந்தது. மூன்றாவது ஏஜென்சி ஒன்பது பக்கத்தைப் படித்துவிட்டு, இவர் எந்த அரசாங்கம் என்று போனில் கேட்டது. பிறகு பேச்சுமூச்சு இல்லை.

இரண்டு உறை வந்தால் பிரிக்கக்கூடாது. மூன்று வந்தால்தான் ஒப்பிட முடியும். வராவிட்டால் திருப்பியனுப்பி மறுபடி கேட்க வேண்டும். இது தொழிற்சாலை விதி. அவர் இரண்டு உறைகளையும் பிரிக்காமலே திருப்பியனுப்பி, தேதியைத் தள்ளிவைத்து, மறுபடி கேட்டார். அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. டிக்கெட் ஐம்பத்தெட்டாயிரம். காத்திருந்தால் விலை இறங்கும் என்பது அவர் இருபத்தாறு வருட அனுபவம். அட்டைப்பெட்டிக்காரனைப் பத்து நாள் வெளியே உட்காரவைத்தால் அவன் இறங்கி வருவான். விமானத்தை உட்காரவைத்தால் அது ஏன் மேலே ஏறுகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

விசா மட்டும் வந்துவிட்டது. அப்பாவின் லட்சணம் தெரிந்த மகள் அந்த வேலையை அவர் கையில் கொடுக்கவேயில்லை.

இரண்டாம் முறையும் இரண்டே உறைதான். அன்றைக்கு மனைவி வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மூணாவது வரலன்னா என்ன செய்வீங்க?"

"தேதிய இன்னொரு மூணு வாரம் தள்ளி மறுபடி கேக்கணும்."

"அதுக்கப்புறம் சீட்டு இருக்குமா?"

"அவசரப்பட்டு வாங்கினா நாளைக்கு ஆடிட்ல கேள்வி வரும்."

"எந்த ஆடிட்டுங்க?"

அவர் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடமாகத் தயாராக இருந்த பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்து, இது வீடு என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டது. மனைவி செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய் முகம் கழுவினாள். இரண்டு உறைகளையும் இந்தத் தடவை திருப்பியனுப்ப வேண்டாம், தேதியை மட்டும் தள்ளிவைத்துக் காத்திருக்கலாம் என்று அவர் ஒரு பெரிய விட்டுக்கொடுப்பை அறிவித்தார். யாரும் கை தட்டவில்லை.

உறை பிரிக்கும் நாள் ஒரு சனிக்கிழமை. விடுப்புக்கு ஐந்து வாரம் பாக்கி. நேரம் காலை பதினொன்று, இடம் சாப்பாட்டு மேசை. கொட்டேஷனார் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, கத்தரிக்கோலையும் சிவப்புப் பேனாவையும் இணையாக வைத்து உட்கார்ந்தார். சாட்சிக்கு மகள். பத்து ஐம்பத்தைந்துக்கு மேசைமேல் மூன்றாவது உறை ஒன்று வந்து விழுந்தது. காக்கி நிறம், முக்கால் மேசை அகலம், எக்ஸ்ரே படம் போட்டுக் கொடுக்கிற உறை. மூலையில் 'வளைக்காதீர்கள்' என்று அச்சடித்திருந்தது.

கொட்டேஷனார் உறையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, டெண்டர் போட்டவர்கள் உட்காருகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள். நேரத்துக்குள் வந்த உறையை மறுக்க விதியில் இடமில்லை. அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. எப்படியோ மூன்று தேறிவிட்டது.

முதல் உறை: இரண்டு பேருக்கு, எல்லாம் சேர்த்து, நாலு லட்சத்து எண்பதாயிரம். இரண்டாவது: ஐந்து லட்சத்துப் பத்தாயிரம், விமான நிலையத்தில் மாலை மரியாதை உட்பட. எழுதிக்கொண்டார். மூன்றாவதை நீளவாக்கில் வெட்டினார். உள்ளே ஒரே ஒரு தாள். ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம். விமானம், பத்து நாள் ஓட்டல், ரயில் அட்டை, சாப்பாடு, குடை ஒன்று. எண்ணிக்கை என்ற இடத்தில் 'நபர் 1' என்று இருந்தது. விலை எத்தனை நாள் செல்லும் என்ற இடத்தில், 'டிக்கெட் போட்டாச்சு, பதினோரு நாள் ஆச்சு' என்று இருந்தது.

சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அதைச் சரிசெய்ய மூன்று பிளம்பர்களிடம் கேட்டிருந்தார்.

இது விவரக்குறிப்புக்குப் பொருந்தாது, இரண்டு பேருக்குத்தானே விலை கேட்டோம், ஆகவே தள்ளுபடி என்று அவர் ஆபீஸ் குரலில் சொல்லிப் பார்த்தார். மகள் ஒன்பது பக்கத்தையும் புரட்டி ஏழாம் பக்கத்தில் நிறுத்தினாள். தொழிற்சாலை டெண்டரிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய பொது நிபந்தனைகள் அங்கே வரிசையாக இருந்தன. அதில் பதினான்காவதை அவள் செய்தி வாசிப்பவள் மாதிரி நிதானமாகப் படித்தாள்.

"கோரப்பட்ட எண்ணிக்கையைக் காரணம் எதுவும் கூறாமல் குறைக்க, கொள்முதல் செய்பவருக்கு முழு உரிமை உண்டு."

"கொள்முதல் செய்யறது நான்தானே" என்றார் கொட்டேஷனார்.

"பணம் யாரோடதுங்க?" என்றாள் மனைவி.

பெருக்கல் கழித்தல் எல்லாம் செய்யும் அந்த மூளை இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கும்போதே, அவர் கை பாட்டுக்குச் சிவப்புப் பேனாவை எடுத்து, குறைந்த விலையின் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டது. பழக்கதோஷம். இழுத்த பிறகுதான் அவர் அதைப் பார்த்தார். நபர் ஒன்று என்ற எழுத்துக்கு அடியில், அடிக்கோல் வைத்த மாதிரி நேராக, அவர் இல்லாத ஒரு பயணத்துக்கு அவரே ஒப்புதல் கொடுத்திருந்தார்.

மனைவி எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நீங்க வரணும்னு எனக்கு ஆசை இல்லன்னு இல்ல. ரெண்டு மாசம் உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். வரணும்னா வாங்க, உங்க டிக்கெட்ட உங்க காசுல நீங்க வாங்குங்க. நாளைக்கு இல்ல, இன்னிக்கு. சாயந்திரம் நான் ரூம் போட்ட ஓட்டலுக்குப் போன் பண்ணி ஒருத்தரா ரெண்டு பேரான்னு சொல்லணும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் ஏஜென்சி, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இரண்டு மேசை, ஒரு மீன்தொட்டி, கணினிக்குப் பின்னால் ஒரு பெண். ஒன்பது பக்கத்தை முழுசாகப் படித்து இரண்டு முறை உறை அனுப்பிய புண்ணியவதி அவள்தான். மனைவியின் விமான எண்ணைச் சொல்லி, அதே விமானத்தில் ஒரு இடம் வேண்டும் என்றார்.

"மூணு சீட்டுதான் சார் இருக்கு. ஒரு லட்சத்து நாலாயிரம். இந்த விலை இருபது நிமிஷம் நிக்கும்."

கொட்டேஷனார் இதுவரை யாருக்கும் முப்பது நாளுக்குக் குறைந்து கெடு கொடுத்ததில்லை. அவருக்கு ஒருவர் இருபது நிமிடம் கெடு கொடுத்ததும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் நாற்பத்திரண்டாயிரமாக இருந்த அதே சீட்டு. அதே பஞ்சு, அதே பெல்ட்டு. ஏதாவது பார்த்துச் செய்யக்கூடாதா என்று கேட்டார். அந்தப் பெண் மீன்தொட்டியைக் காட்டி, அது ஒன்றுதான் சார் இங்க எங்க கையில இருக்கு என்றாள்.

அவர் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். போனை எடுத்து இரண்டாவது ஏஜென்சியைக் கூப்பிட்டார். காத்திருக்கச் சொல்லிவிட்டு அது வாத்திய இசை போட்டது. ஆறு நிமிட இசைக்குப் பிறகு ஒரு லட்சத்து ஏழாயிரம் என்றது. மூன்றாவது ஏஜென்சி, அந்த அரசாங்கம்தானே நீங்க, திங்கட்கிழமை கூப்பிடுங்க என்றது. படிக்கட்டில் அவர் பக்கத்தில் மருந்துக்கடையின் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஐந்து அடுக்கு அட்டை, நல்ல சரக்கு, என்ன விலை என்று அவருக்கு மனப்பாடம். இந்த மாதிரி எத்தனை ஆயிரம் பெட்டியில் எத்தனை காசு மிச்சம்பிடித்திருப்பார். அதில் ஒரு காசுகூட அவருடையது இல்லை.

சாப்பாட்டுப் பையோடு நடந்துபோன அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் காவலாளிகள் இருந்தார்கள். தன்னை இந்தப் படிக்கட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோக யார் வரப்போகிறார்கள் என்று கொட்டேஷனார் முதல் தடவையாக யோசித்தார். யாரும் வரப்போவதில்லை. ஐந்து வாரம் கழித்து ஒருத்தி விமானம் ஏறிப் போவாள், அவர் வீட்டில் மூன்று பிளம்பர்களோடு இருப்பார்.

எழுந்து உள்ளே போனபோது இருபத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. விலை ஒரு லட்சத்து ஒன்பதாயிரமாகியிருந்தது. கொட்டேஷனார் வங்கி அட்டையை நீட்டினார். ஜன்னலோரம் இல்லை, பின்னால் கழிவறைக்கு முந்தின வரிசையில் நடு சீட்டுதான் என்றாள் அந்தப் பெண்.

"பரவால்ல, போடும்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து, ஆள் அவர்தானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து டிக்கெட்டை மேசைமேல் வைத்தார். மனைவி விலையைப் பார்க்கவில்லை. விமான எண்ணைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஓட்டலுக்கு போன் செய்து இரண்டு பேர் என்று சொன்னாள். பிறகு, என் பெட்டியில் உங்க சட்டைக்கு இடம் இல்லை, வேறு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அன்று என்ன வேகமோ, கொட்டேஷனார் அப்படியே திரும்பிப் போய், தெருமுனைக் கடையில் கண்ணில் பட்ட முதல் பெட்டியைச் சொன்ன விலைக்கு வாங்கிவந்தார். பேரம் பேசுவார் என்று இருமடங்கு சொல்லியிருந்த கடைக்காரர் மனசாட்சி உறுத்தி ஒரு பூட்டு இலவசமாகக் கொடுத்தார்.

அந்தப் பெட்டியின் ஒரு சக்கரம் சுற்றாது என்பது ஒசாகாவில்தான் தெரிந்தது.

விமான நிலையத்திலிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கினார்கள். காலை நேரம், ஆபீஸ் கூட்டம். மூன்று திருவிழா ஜனம் ஒரே நடைமேடையில் இருந்தது, ஆனால் யார்மேலும் யாரும் இடிக்கவில்லை. வெளியே போக நகரும் படிக்கட்டு. எல்லோரும் வலது பக்கமாக ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். இடது பக்கம் அவசரக்காரர்கள் ஏறிப்போகக் காலியாக இருந்தது. மனைவி ஒரு நிமிடம் பார்த்தாள், பிறகு பல வருடம் அங்கேயே ரயிலேறியவள் மாதிரி வலது பக்க வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள். கொட்டேஷனார் நொண்டிப் பெட்டியை இழுத்துக்கொண்டு இடது பக்கம் ஏறினார். ஏறினதும் சக்கரம் படியின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. அவர் தூக்கினார், வரவில்லை. உதைத்தார், வரவில்லை. கொள்முதல் பிரிவின் தலைவர் அந்த நகரத்தின் அவசரத்தை மொத்தமாக மறித்துக்கொண்டு நின்றார்.

பின்னால் கூட்டம் சேர்ந்தது. ஒருவர் உச்சுக் கொட்டவில்லை. ஒருவர் தோளைத் தட்டவில்லை. கழுத்துப்பட்டை கட்டினவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஒரு மொட்டைத்தலை மனிதர், எல்லோரும் தானாகவே ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள், அவர் பெட்டியைப் பார்ப்பது மரியாதையில்லை என்பதுபோலச் சுவரைப் பார்த்தார்கள். நாலு படி மேலே இருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். இவர் யாரோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மறுபடியும் திரும்பி, இந்தத் தடவை அவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உச்சியில் படிக்கட்டே பெட்டியை வெளியே தள்ளிவிட்டது. அவர் வேர்த்து விறுவிறுத்து ஓரமாக ஒதுங்கினார். அடைபட்ட ஜனம் ஒவ்வொருவராக, லேசாகத் தலை குனிந்து அவரைக் கடந்து போனது. தூணோரம் நின்றிருந்த மனைவி கடைசி ஆள் போகும்வரை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தேழு பேரு. ஒருத்தர் வாயத் தொறக்கலங்க."

"நான் வேணும்னு செய்யல, சக்கரம் மாட்டிக்கிச்சு."

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்தது, நடுவில் அவர் எங்கேயும் பார்க்காதது.

"இன்னொரு தடவ கீழ போயிட்டு வரலாமா? பெட்டிய மறுபடி அதே பக்கம் வைங்க."

என்ன செலவு என்று அவர் கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பிக்கொண்டு, இறங்குகிற படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தேடினார்.